மேலே இருந்த இரண்டு வரிகள்

1

இந்த நாட்டில் யாருக்கு நல்ல நாளோ அவரேதான் கேக் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. என் பிறந்தநாளன்று சாயங்காலம் வரை யாராவது ஏதாவது கொண்டுவருவார்கள் என்று அசடு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர்களும் நான் கொண்டுவருவேன் என்று உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து மனைவி செல்வியிடம் சொன்னபோது, "நல்ல ஊருங்க, நம்ம சாவுக்கும் நாமளேதான் பால் ஊத்திக்கணும் போல" என்று சிரித்தாள்.

போன திங்கட்கிழமை நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்து ஏழு வருடம் முடிந்தது. முறை தெரிந்தவனாக ஆப்பிள் கேக் வாங்கிப் போனேன். கை குலுக்கினார்கள், தின்றார்கள். தட்டில் கடைசித் துண்டு மிச்சம் இருக்கும்போது, என் மேலதிகாரி மார்ளைன் வந்து என் தோளைத் தொட்டு, "ஒரு நிமிடம் வர முடியுமா?" என்று கேட்டாள். இங்கே யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். எவ்வளவு மெதுவாகக் கேட்கிறார்களோ விஷயம் அவ்வளவு மோசம் என்று ஏழு வருடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அவள் திரையில் ஒரு நீளப் பட்டியல் இருந்தது. ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு. ஏழு வருடமாக அந்த வரி எங்காவது வந்துவிடுமோ என்று பயந்து, அப்புறம் பயப்படக்கூட மறந்து போயிருந்தேன்.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாமியாரே நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன் என்றுதான் தன் ஊர் கீரப்பாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

எங்கள் கம்பெனி உருளைக்கிழங்கு எடை போடும் இயந்திரங்களுக்கு மென்பொருள் செய்கிறது. இங்கே வயலிலிருந்து கிழங்கு லாரி லாரியாகக் கொட்டகைக்கு வரும். அதை ரகம் பிரித்து மூட்டை கட்டி எடை போடுவதை எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அந்த எடைக்குத்தான் விவசாயிக்குக் காசு. அந்த இயந்திரத்துக்குள் ஓடும் மென்பொருளை முழுக்க நாங்களே எழுதுவதில்லை, உலகத்தில் யாருமே அப்படி எழுதுவதில்லை. தேதி பார்ப்பதற்கு ஒருவர் எழுதியது, படம் வரைவதற்கு இன்னொருவர் எழுதியது என்று யார் யாரோ எழுதிப் பொதுவில் விட்ட துண்டுகளை எடுத்துத்தான் கோர்க்கிறோம். அந்தத் துண்டுகளுக்கு லைப்ரரி என்று பெயர். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொருளாக்குவது பில்டு. எந்தத் துண்டு யாருடையது, எந்த வெர்ஷன், அதில் பழுது ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்களா, புதிது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

கல்யாண வீட்டுக்கு நாலு வீட்டில் பாத்திரம் இரவல் வாங்குவோமே, அந்த மாதிரி. அண்டா ஒரு வீட்டுடையது, கரண்டி இன்னொரு வீட்டுடையது. பெயர் வெட்டியிருப்பதால் யாருடையது எது என்று தெரியும். லைப்ரரி எழுதுகிறவர்களும் கோப்பின் தலையில் பெயர் போட்டிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எடுத்துக்கொள், எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள், காசு வேண்டாம், மேலே இருக்கும் என் பெயரை மட்டும் எடுக்காதே.

ஐரோப்பாவில் இப்போது புதுச் சட்டம் வருகிறது. விற்கிற பொருளுக்குள் யாருடைய துண்டு என்னென்ன இருக்கிறது என்று முழுப் பட்டியல் வைத்திருக்க வேண்டும். அதற்காகக் கம்பெனி ஒரு சோதனைக் கருவி வாங்கியது. அது பெயரைப் பார்ப்பதில்லை. எழுத்தின் நடையையே பார்த்து இன்னாருடையது என்று சொல்லிவிடும்.

சிவப்பு வரியில் இருந்தது இதுதான். 'எடைமானி என்ற இந்தக் கோப்பு உங்களுடையது அல்ல. இது மரக்கால் என்னும் லைப்ரரியின் பழைய வெர்ஷன். எழுதியவர் க. இளவழகன், கீரப்பாளையம். இந்த வெர்ஷனில் அறியப்பட்ட பழுது உள்ளது. பில்டு நிறுத்தப்படுகிறது.'

இளவழகன் என் மச்சான். செல்வியின் கூடப் பிறந்த அண்ணன்.

3

நாங்கள் இருவரும் சிதம்பரத்துப் பக்கம் ஒரே காலேஜில், ஒரே வகுப்பில் படித்தோம். நான் கடலூர் முதுநகர். தினமும் பாசஞ்சர் ரயிலில்தான் போய் வருவேன். லேப் இருக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலமே இளவழகன் தன் ரெக்கார்டு நோட்டை என் பையில் திணித்துவிடுவான். மறுநாள் ரயிலில் ஆலப்பாக்கத்தில் எழுத ஆரம்பித்தால் கிள்ளை வருவதற்குள் முடித்துவிடுவேன். முதல் பக்கத்தில் பெயரும் ரோல் நம்பரும் மட்டும் என்னுடையது. மிச்சமெல்லாம் அவனுடையது. அவன் தப்பாகப் போட்ட இடத்தில் நானும் தப்பாகப் போட்டிருப்பேன். இதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. வாத்தியாருக்கும் தெரியும். நோட்டு நேரத்துக்கு வந்தால் போதும்.

படிப்பு முடிந்ததும் நான் சென்னைக்குப் போனேன். அவன் கடலூர் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கருவிகள் பார்க்கும் டெக்னீஷியனாகச் சேர்ந்தான். நடுவில் நான் அவன் தங்கையைக் கட்டிக்கொண்டேன். மச்சான் மச்சான் என்று சும்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிஜமாகவே மச்சான் மாப்பிள்ளை ஆனோம்.

அவன் அப்பா நெல் போடுகிற மண்டியில் மின்தராசு வைத்தார்கள். மூட்டையைத் தூக்கி வைத்ததும் எண் ஏறி இறங்கி ஆடும். அடங்குவதற்குள்ளேயே குறைந்த எண்ணாகப் பார்த்து எழுதிவிடுவார்கள். இதற்காகத்தான் இளவழகன் ஒரு சின்ன நிரல் எழுதினான். ஆடுகிற எண்களுக்கு நடுவிலிருந்து உண்மையான எடையைக் கண்டுபிடிக்கும் நிரல். அதற்கு மரக்கால் என்று பெயர் வைத்துப் பொதுவில் போட்டான். ஷிப்டு முடிந்து வந்து, சோறு தின்ற கையோடு உட்கார்ந்து எழுதியது. எனக்குத் தெரிந்து அவன் எழுதிய ஒரே நிரல் அதுதான்.

நான் இங்கே வந்த முதல் மாதம் தகுதிகாண் காலம். தராசு ஆட்டம் இங்கேயும் பிரச்சினை. நாலு பேர் பல வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மச்சானின் நிரல் ஞாபகம் வந்தது. எடுத்துப் போட்டேன். கச்சிதமாக வேலை செய்தது. ஆனால் வெளியாள் எழுதிய லைப்ரரியைச் சேர்க்க வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும், ஒரு குழு கூடி ஒப்புதல் தரவேண்டும், மூன்று வாரம் ஆகும். எனக்கு அவ்வளவு நாள் இல்லை. கையோ ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழகின கை. முதல் பக்கத்தை மட்டும் மாற்றினேன். மேலே இருந்த இரண்டு வரியை அழித்தேன். ஒன்றில் அவன் பெயரும் ஊரும் இருந்தது, இன்னொன்றில் பெயரை எடுக்காதே என்ற அந்த ஒரே நிபந்தனை. மரக்காலை எடைமானி என்று மாற்றினேன். என்ன மாற்றினாய் என்று கேட்கும் கட்டத்தில், 'தேவையில்லாத வரிகள் நீக்கம்' என்று எழுதினேன்.

மறுநாள் எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். வேலை நிரந்தரமானது. செல்வியும் மகள் யாழினியும் விமானம் ஏறி வந்தார்கள். யாழினிக்கு அப்போது ஆறு வயது.

4

"இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் கொடு" என்றாள் மார்ளைன்.

வேலை போனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். எங்கள் மூன்று பேரின் குடியிருப்பு அனுமதியும் இந்த வேலையில் தொங்குகிறது. வேலை போய் மூன்று மாதத்துக்குள் வேறு கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நிரந்தர அனுமதி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அதற்கு டச்சு மொழித் தேர்வு தேறவேண்டும். செல்வி முதல் தடவையே தேறிவிட்டாள். நான் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டேன். 'பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார், என்ன சொல்வீர்கள்?' என்று கேட்பார்கள். எனக்குத் தமிழிலேயே அதற்குப் பதில் தெரியாது.

யாழினிக்கு இப்போது பதின்மூன்று. தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் டச்சில்தான் வரும். கணக்குப் பாடம் என்னிடம் கேட்டவள் இப்போது கேட்பதில்லை. என் டச்சைக் கேட்டால் அவள் தோழிகள் சிரிக்கிறார்களாம். பள்ளிக்கூட வாசலில் நான் சைக்கிளை நிறுத்தினால் பத்தடி தள்ளியே நடக்கிறாள். இவளைக் கூட்டிக்கொண்டு போய் எந்த ஊரில் எந்தப் பள்ளியில் சேர்ப்பேன்? திங்கள் முழுக்க எனக்கு இதே நினைப்புதான். கடவுளே கடவுளே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன் போல. பக்கத்து மேஜைக்காரர் தலைவலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்.

ஒரே வழிதான் இருந்தது. 'பெயரை எடுத்துக்கொள்ள நான்தான் அனுமதி கொடுத்தேன்' என்று மச்சான் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கவனக்குறைவு என்று திட்டோடு போய்விடும். இல்லையென்றால் திருட்டு.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து பத்து தடவை கூப்பிட்டேன். கெமிக்கல் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். காலை பத்தரைக்கு, அங்கே மதியம் இரண்டு மணி ஷிப்டு முடிந்து, அவனே கூப்பிட்டான். அலுவலகத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு ஓடினேன்.

"இன்னா மாப்ள, இத்தினி மிஸ்டு கால்? செல்விக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல மச்சான். நல்லா இருக்கா."

"பாப்பா?"

"அவளும் நல்லா இருக்கா. எனக்குத்தான் மச்சான் ஒரு பிரச்சன."

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லி முடித்ததும் ஹாரன் சத்தமும் நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து, "மச்சான், இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன் இருக்கேன். பஸ்ஸு வந்துச்சு, வுட்டுட்டேன். அடுத்ததுல போறேன்."

"தப்புப் பண்ணிட்டேன் மச்சான்."

"எனக்குத் தெரியும் மாப்ள."

"என்னா தெரியும்?"

"நீதான் ஒரு வாட்டி ஒங்க மெஷினு வேல செய்யிற வீடியோ அனுப்பின இல்ல? எடை அடங்குறதுக்கு முன்ன ஒரு புள்ளி மூணு வாட்டி மின்னுச்சு. அது நான் வெச்ச புள்ளி. எங்கப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு வெச்சேன்."

"கேட்டிருக்கலாமே மச்சான்."

"இன்னான்னு கேக்கறது? தங்கச்சி ஊட்டுக்காரன். சரி வுடு. இப்ப இன்னா எழுதணும்னு சொல்லு, எழுதி அனுப்பறேன். இங்கிலீசு மட்டும் நீ பாத்துக்க."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். செருப்பால் அடிப்பேன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் எழுதித் தருகிறேன் என்றான். நான் வெட்கமே இல்லாமல் என்ன எழுதவேண்டும் என்று வாசகம் வாசகமாகச் சொன்னேன். தேதியை ஏழு வருடம் முன்னதாகப் போடச் சொன்னதும் நான்தான்.

5

புதன்கிழமை கடிதத்தின் படம் வந்தது. கோடு போட்ட தாளில், அதே ரெக்கார்டு நோட்டுக் கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியிருந்தான். அதைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் எங்களுடைய பழைய வாட்ஸ்அப் உரையாடல் மேலே நகர்ந்தது. நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு செய்தி கண்ணில் பட்டது.

'மாப்ள, மரக்காலு பழைய வெர்ஷன்ல ஒரு தப்பு கண்டுபுடிச்சேன். மூட்டைய வேகமா அடுத்தடுத்து வெச்சா கொறைச்சுக் காட்டுது. புதுசு போட்டிருக்கேன். நீ யாருக்காச்சும் குடுத்திருந்தீன்னா மாத்தச் சொல்லு.'

அதற்கு நான் ஒரு கட்டைவிரலை அனுப்பியிருந்தேன். அவ்வளவுதான். மாற்றவில்லை. மாற்றப் போனால் எங்கிருந்து எடுத்தாய் என்ற கேள்வி வருமே. பெயரோடு வைத்திருந்தால், புதிது வந்தால் பில்டே சொல்லியிருக்கும். பெயரை அழித்துவிட்டதால் அந்தக் கோப்பு அநாதையாக அங்கேயே கிடந்தது. அதைப் பற்றி யோசிக்க அன்றைக்கு எனக்கு மனம் இல்லை. கடிதம் கிடைத்துவிட்டது என்ற ஒரே நினைப்பு.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தபோது செல்வி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கீரப்பாளையத்திலிருந்து அவள் அண்ணி போன் செய்திருக்கிறார். 'அவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடல, என்னமோ லெட்டர் எழுதினாரு' என்று.

"எங்க அண்ணன எதுக்குங்க பொய் எழுத வெச்சீங்க?"

"உனக்காகத்தான், பாப்பாவுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கள இழுக்காதீங்க." அடுப்பிலிருந்த இட்லிக் குண்டானின் மூடியை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். கல்யாணச் சீரில் வந்தது. புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் 'க. இளவழகன் அன்பளிப்பு' என்று இருக்கும். "இத கடல தாண்டித் தூக்கியாந்தேன். பதினஞ்சு வருசமாத் தேய்க்கிறேன். இந்தப் பேர அழிக்கணும்னு எனக்கு ஒரு நாளும் தோணல. ஒங்களுக்கு எப்பிடிங்க தோணுச்சு?"

யாழினி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் மேலே போய்விட்டாள்.

6

வெள்ளிக்கிழமை காலை, ஏழு வருடம் முன்பு அழித்த இரண்டு வரியையும் கோப்பில் திரும்ப எழுதினேன். எழுத அரை நிமிடம் ஆனது. ஆனால் எங்கள் தொழிலில் எதை அழித்தாலும் அழித்தவன் பெயரும் நாளும் தனியாக நிற்கும். 'தேவையில்லாத வரிகள் நீக்கம்' என்பதற்குப் பக்கத்தில் என் பெயர் கல்வெட்டு மாதிரி அப்படியே இருந்தது.

அறையில் மார்ளைனும் பணியாளர் பிரிவிலிருந்து ஒருவரும் இருந்தார்கள். கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். மேஜைமேல் வைத்தேன். மார்ளைன் படித்தாள். தேதியைப் பார்த்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "இது உண்மையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் டச்சில் பதில் சொன்னேன். "இல்லை. பெயர் இருந்தது. நான்தான் எடுத்தேன்."

ஏன் டச்சில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தால் சுற்றி வளைத்து எங்காவது தப்பித்திருப்பேன். டச்சில் சுற்றி வளைக்கிற அளவுக்கு எனக்கு மொழி போதாது. ஏழு வருடத்தில் அவள் திருத்தாமல் விட்ட என் முதல் டச்சுப் பேச்சு அதுதான்.

விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார்கள். நுழைவு அட்டையையும் மடிக்கணினியையும் வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் மெதுவான குரலில், மரியாதையாக. கடிதத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து மச்சானைக் கூப்பிட்டேன். "உன் லெட்டரக் குடுத்துட்டுத் திரும்ப வாங்கிட்டேன் மச்சான். நெஜத்தச் சொல்லிட்டேன். வேல போயிடும்னு நெனைக்கிறேன்."

"அட போடா" என்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னை டா போட்டது அன்றைக்குத்தான். கொஞ்சம் மூச்சு விட்டு, "வந்தா வாங்க, ஊடு இருக்குது. அத அப்புறம் பாத்துக்கலாம். புதுசு போட்டியா?"

"என்ன புதுசு?"

"மரக்காலுடா. புது வெர்ஷன். பழசு எடை கொறைச்சுக் காட்டுமே. நாலு வருசம் முன்னயே சொன்னேனே. கெழங்கு கொண்டாறவனுங்களுக்கு கொறைச்சில்ல காட்டும்? எங்கப்பாவுக்கு அப்பிடிக் காட்டுச்சுன்னுதானே அதயே எழுதுனேன்!"

நான் போடவில்லை. வாரம் முழுக்க என் வேலை, என் அனுமதி, என் கடிதம் என்று அலைந்தேன். அன்று காலை கோப்பைத் திறந்து இரண்டு வரியைச் சேர்த்தவன், அதன் கீழே இருந்த தப்பைத் தொடவில்லை. பட்டியலும் திங்கட்கிழமையே சொல்லியிருந்தது, அறியப்பட்ட பழுது உள்ளது என்று. இனித் தொட எனக்கு வழியில்லை. கொட்டகைகளில் தராசுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மார்ளைனைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அவள் வேலை செய்வதில்லை, போன் எடுக்கவில்லை. கம்பெனியின் இணையதளத்தில் விவசாயிகள் குறை சொல்ல ஒரு படிவம் உண்டு. டச்சில் மட்டும்தான் எழுத முடியும். செல்வியிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஏழு வருடம் உள்ளே இருந்தவன், வெளியாள் மாதிரி அதைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுத வராமல், மூன்று மணி வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

யாழினி பள்ளியிலிருந்து வந்தாள். பையைப் போட்டுவிட்டு மாடிக்குப் போகப் போனவளைக் கூப்பிட்டேன். "பாப்பா, அப்பாவுக்கு ஒண்ணு எழுதித் தர்றியா?"

என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் டச்சில் அடித்தாள். மூட்டை வேகமாக வந்தால் எடை குறைகிறது. பழைய வெர்ஷன். உடனே மாற்றுங்கள். தெரிந்தே மாற்றாதவன் நான் என்று சொன்னபோது அவள் விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் அதையும் அடித்தாள்.

கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. இந்தப் பழுதைக் கண்டுபிடித்தவர் யார்?

"இளா மாமாதானே?" என்று தமிழில் கேட்டாள். "மாமாவோட முழுப் பேரு என்னப்பா?"

க. இளவழகன், கீரப்பாளையம் என்றேன். அவள் அடித்து முடித்து, சரியா இருக்கா பாருங்க என்று திரையை என் பக்கம் திருப்பினாள்.